முத்துக்கரையில் நூலிடம் சுட்டிய முறைகள்

தாமிரபரணி ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நீர் வார்த்துக்கொண்டே கிழக்கு நோக்கிச் சென்று, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரையில் உள்ள நிலம் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும் சிறு பிரதேசமே. ஆயினும், நம்மாழ்வாரின் திருவாய்மொழியைத் தமிழ் வேதமென்று போற்றிய வைணவ ஆசாரியர்களும், திருக்குர்ஆனை முதலிலிருந்து முடிவுவரை நெஞ்சில் ஏற்றி ஓதிய காயல்பட்டினத்து முஸ்லிம்களும், 1530-களில் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர்ச் சவேரியாரிடம் ஜெபம் கற்ற பரதவர்களும், அவர்களுக்கு முந்நூறு ஆண்டு பிந்தி நாசரேத்திலும் சாயர்புரத்திலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் சபைகளாகத் திரண்ட புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களும் இப்பிரதேசத்திலும் இதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்து, தத்தம் திருநூல்களை ஓதியும், ஏட்டில் எழுதியும், அச்சிட்டும், அவற்றின் பொருளைப் பிறர்க்கு உரைத்தும் வந்திருக்கிறார்கள். பெரிய நூல் ஒன்றை வைத்துப் போற்றுகிற சமூகம் எதுவாயினும், அந்நூலின் ஓரிடத்தைப் பேச்சிலோ எழுத்திலோ எடுத்துச் சொல்லி, கேட்பவன் தானே போய் அதைக் காணும்படி வழிகாட்ட வேண்டிய தேவை அதற்கு ஏற்பட்டே தீரும். அந்த வழிகாட்டலை இக்கரையார் எவ்வெவ்வாறு செய்தார்கள் என்பதை ஆராய்வது, தமிழில் மேற்கோள் எழுதும் முறையின் சரித்திரத்தையே ஆராய்வதாகும்.

ஓலையில் நூல் வாழ்ந்த காலத்தில் பக்க எண் என்பதற்குப் பிரயோஜனம் மிகக் குறைவு. ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் இலக்கத்தில் எண் பொறித்து வைப்பது உண்டுதான். ஆனால் அது கயிறு அவிழ்ந்து சிதறிய ஏடுகளை மீண்டும் அடுக்குவதற்கே உதவியது. ஒருவர் கைப்பிரதியில் நாற்பதாம் ஏட்டில் உள்ள பாட்டு, எழுத்தின் பருமனாலும் ஓலையின் நீளத்தாலும் மாறுபட்ட மற்றொருவர் பிரதியில் முப்பதாம் ஏட்டிலோ ஐம்பதாம் ஏட்டிலோ இருக்கும். ஆகையால், எந்தப் பிரதியிலும் மாறாத அடையாளம் ஒன்றே இடம் சுட்ட உதவுவதாக இருந்தது. அவ்வடையாளம் நூலாசிரியன் தானே வகுத்த பிரிவாகவோ, பாட்டின் முதற் சொற்களாகவோ இருத்தல் வேண்டும்.

பிரிவின் வழியாகச் சுட்டுவதில் தமிழுக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும் நிற்கிறது. சிலப்பதிகாரத்துக்குக் காண்டமும் காதையும். சிந்தாமணிக்குப் பதின்மூன்று இலம்பகம். கம்பனுக்குக் காண்டமும் படலமும். குறளுக்குப் பாலும் இயலும் அதிகாரமும். இவற்றை வாக்கியத்தில் வைக்கும்போது தமிழ் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருகிறது. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்து வழக்குரை காதையுள் என்று ஒருவர் எழுதுங்கால், சாரியைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்து வாசகனை உள்ளே அழைத்துச் சென்று, அவன் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டே வினைமுற்றுக்குப் போகின்றன. அடைப்புக்குறியும் வேண்டுவதில்லை, அடிக்குறிப்பும் வேண்டுவதில்லை; இடமும் வாக்கியமும் ஒன்றாகவே ஓடுகின்றன. பழைய உரையாசிரியர்களின் நடையில் நாம் காணும் நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணமென்றே நான் கருதுகிறேன். இன்றைய பதிப்புகளில் அவர்களுடைய உரைக்கு நடுவே அடைப்புக்குள் காணப்படும் சுருக்கக் குறிகளும் எண்களும் பெரும்பாலும் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. உரையாசிரியர்கள் எழுதியவை அல்ல.

முதற் சொற்களால் சுட்டும் முறைக்கோ ஆழ்வார்திருநகரியைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அவ்வூருக்கு அண்மையிலுள்ள திருக்கோளூரிற் பிறந்த மதுரகவியாழ்வார் தம் ஆசாரியனைப் பாடிய பதினொரு பாசுரங்களுக்குத் தனிப்பெயர் ஏதும் இல்லை. கண்ணிநுண்சிறுத்தாம்பு என்ற அதன் தொடக்கமே அதன் பெயராக வழங்குகிறது. திருவாய்மொழியின் அமைப்போ இன்னும் வியக்கத்தக்கது. பத்துப் பத்துக்கள், ஒவ்வொரு பத்திலும் பத்துத் திருவாய்மொழிகள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் பதினொரு பாசுரங்கள், ஆக 1102 பாசுரங்கள் என்று அமைந்த அந்நூலில், ஒவ்வொரு திருவாய்மொழியின் இறுதிப் பாசுரத்திலும் ஆழ்வார் தம் பெயரையும், குருகூர் என்னும் தம் ஊரையும், தாம் பாடிய ஆயிரத்தில் இது ஒரு பத்து என்பதையும் தாமே சொல்லிச் செல்கிறார். இடஞ்சுட்டும் குறிப்பு நூலுக்கு வெளியே நின்று பின்வந்தவர் இட்ட அடையாளமன்று. அது பாட்டின் உயிரோடு சேர்ந்து பிறந்தது. ஓதுபவன் எந்தத் திருவாய்மொழியை முடித்தாலும், தான் எந்த நூலில், எவருடைய வாக்கில், எவ்வளவான தொகுதியின் உள்ளே நிற்கிறான் என்பதை உணராமல் முடிக்க முடியாது.

இந்நூலுக்கு எழுந்த வியாக்கியானங்களின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அவை அளவாலேயே பெயர் பெற்றன. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. முதலாவதான ஆறாயிரப்படியைச் செய்த திருக்குருகைப்பிரான் பிள்ளானும் இவ்வூர்த் தொடர்புடையவரே என்பது அவர் பெயராலேயே விளங்கும். முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவரங்கத்தில் காலட்சேபமாகச் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தது. காலட்சேபத்தில் எழுந்த நூலாகையால் அதில் வடமொழி வாக்கியங்கள் பேச்சின் வேகத்தில் வந்து விழுகின்றன. எடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தைச் சொல்லி, என்கிறபடியே என்று முடித்து, ஆசாரியர் மேலே போய்விடுகிறார். கேட்டிருந்த சிஷ்யர்களுக்கு அது இராமாயணத்து வாக்கியமா, விஷ்ணு புராணத்து வாக்கியமா, உபநிஷத்தா என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமை அங்கே குறைபாடு அன்று. கேட்பவர்களின் ஞானத்தின்மீது ஆசாரியர் வைத்த மதிப்பே அது.

ஆனால் தலைமுறை இரண்டு கடந்தபின் அந்தச் சபை கலைந்துவிடுகிறது. ஏடு மட்டும் எஞ்சுகிறது. அந்நிலையில் 1370-இல் ஆழ்வார்திருநகரியிலேயே அவதரித்த மணவாள மாமுனிகள் செய்த கைங்கரியம் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. ஈட்டில் எடுத்தாளப்பட்ட வாக்கியங்களைத் தேடித் தொகுத்துப் பிரமாணத் திரட்டு என்ற பெயரில் அவர் எழுதிவைத்தார். அவரே திருவாய்மொழி நூற்றந்தாதி என்ற மற்றொரு நூலும் செய்தார். நூறு திருவாய்மொழிக்கும் நூறு வெண்பா, ஒவ்வொரு வெண்பாவும் உரிய திருவாய்மொழியின் தொடக்கச் சொல்லை ஏற்றுத் தொடங்கி, அதன் பொருளைச் சுருக்கிச் சொல்லி, அந்தாதியாக அடுத்ததனோடு பிணைந்து செல்வது. அந்நூறு வெண்பாக்களை நெஞ்சில் கொண்டவன் ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களின் வரிசையையும் விஷயத்தையும் எந்த ஏட்டையும் புரட்டாமல் அறிவான். பிற்காலத்தார் நூலின் இறுதியில் அச்சிடும் அகராதிக்கு இதைக் காட்டிலும் அழகான முன்னோடி வேறு எந்த மொழியில் இருக்கிறதோ அறியேன். பக்தி நூலாகவே அதை நாம் படிக்கிறோம், அது முறையே. ஆயினும் நூலை ஆளும் கலையில் அது ஒரு பெருஞ்சாதனை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமை.

முதற் சொல்லால் இடம் காட்டும் இம்முறையின் பலம் இக்கரையில் முத்துக் குளித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் கிடக்கும் தொலையிரம் பார் முதலிய முத்துப் பார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் உண்டு. கரையில் தெரியும் கோயிலையும் மரக்கூட்டத்தையும் நேர் சேர்த்துப் பார்த்துத் தோணியை அப்பார்களின்மேல் கொண்டுபோய் நிறுத்துவர். பழகியவனுக்கு அதைவிடத் துல்லியமான குறி வேண்டியதில்லை. கரையையே பார்த்திராதவனுக்கோ அக்குறி எதையும் சொல்லாது. அவ்வாறே, பாட்டை ஓதி வளர்ந்தவனுக்கு முதற் சொல் போதும். வளராதவன் அதை வைத்துக்கொண்டு நூலில் நுழைய முடியாது. இச்சங்கடத்தைப் பிற்காலத்தில் முழுமையாக உணர்ந்தவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையர். 1889-இல் அவர் வெளியிட்ட பத்துப்பாட்டுக்காக ஏடு தேடி இதே ஆழ்வார்திருநகரிக்கு வந்து கவிராயர்களின் வீடுகளில் தங்கிச் சுவடிகளை ஆராய்ந்தார் என்பது தமிழர் அறிந்த சரித்திரம். நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடப் புகுந்த சிரமமே அவரைச் சங்க நூல்களின் உலகுக்குள் அழைத்துச் சென்றது. தம் பதிப்புகளில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியைச் சேர்த்ததோடு நில்லாமல், இடம் விளங்காத மேற்கோள்களுக்கென்றே தனியாக ஓர் அகராதியையும் அவர் சேர்த்தார். தெரியாததைத் தெரியாதது என்று வரிசைப்படுத்தி அச்சிட்ட அந்த நேர்மை, மணவாள மாமுனிகளின் திரட்டுக்கு நேர் வாரிசென்றே சொல்லத்தகும்.

ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய காயல்பட்டினத்தில் நிலைமை வேறு. ஆனாலும் அடிப்படை ஒன்று. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுக்கும் பெயர் உண்டு. அவற்றுள் நாள்தோறும் ஓதப்படுபவற்றைத் தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் அல்ஹம்து சூரா என்றும் குல்ஹுவல்லாஹு சூரா என்றும் அவற்றின் தொடக்கத்தாலேயே அழைக்கிறார்கள். பொருள் பற்றிய இப்பிரிவோடு, ஓதுதற்கு வசதியாக நூல் முழுவதையும் ஏறக்குறையச் சம அளவான முப்பது பாகங்களாக வகுத்த வேறொரு பிரிவும் உண்டு. நாளுக்கு ஒரு பாகமாக ஒரு மாதத்தில் ஓதி முடிப்பதற்கு அது உதவுகிறது. வசனங்களின் எண்ணிக்கையில் பழைய ஓதல் மரபுகளிடையே சிறு வேறுபாடு இருந்தமையால், 1834-இல் ஜெர்மனியில் புளூகெல் அச்சிட்ட பதிப்பின் எண்களும் 1924-இல் கெய்ரோவில் வெளிவந்த பதிப்பின் எண்களும் பல இடங்களில் ஒவ்வுவதில்லை. எண்ணை மட்டும் எழுதிய ஐரோப்பிய நூல்களைப் படிப்போர் இதனால் இன்றும் தடுமாறுவர். சூராவின் பெயரும் வசனத்தின் தொடக்கமும் கேட்ட காயல்பட்டினத்து ஓதுநர் எவரும் தடுமாறியிருக்க மாட்டார்.

இனி, அச்சும் எண்ணும் ஒன்றாக வந்த கதைக்கு வருவோம். கிறிஸ்தவ வேதத்தின் அதிகாரப் பிரிவு அவ்வேதத்தோடு பிறந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் கற்பித்து, பின்னர்க் காண்டர்பரி அத்தியட்சரான ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாகக் கொள்ளப்படும் பிரிவே இன்று உலகெங்கும் வழங்குவது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களை இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், ஆண்டு 1551. அதற்குச் சில ஆண்டு முன்னரே இக்கரைக்கு வந்துவிட்ட என்றிக்கே என்றிக்கசு, அதாவது நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்த பெரியவர், புன்னைக்காயலைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும், 1586-இல் இம்முத்துக்கரையிலேயே அடியார் வரலாற்றையும் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். வசன எண் என்னும் புதுமைக்கு அப்போது ஒரு தலைமுறைதான் வயது. அடிகளாரின் நூல்களோ அதைச் சார்ந்து நிற்பவை அல்ல. கிரிசித்தியானி வணக்கம் வினாவும் விடையுமாகச் செல்வது. அடியார் வரலாறு திருநாட்களின் வரிசையில் செல்வது. கடலும் காற்றும் திருநாளும் பார்த்து வாழ்ந்த பரதவ மக்களுக்கு, இன்ன அடியாரின் நாளில் வாசிப்பது என்ற குறிப்பைவிட நெருக்கமான இடச்சுட்டு வேறு இருந்திருக்க முடியாது. புத்தகத்தின் வரிசையும் வருஷத்தின் வரிசையும் ஒன்றாகிவிட்டால் எண்ணுக்கு வேலையில்லை.

சமயம் வேறாயினும் காவியம் பாடப் புகுந்தோர் தமிழ்ப் பிரிவையே மேற்கொண்டனர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் சரிதத்தை மூன்று காண்டமாகப் பாடினார். வீரமாமுனிவர் தேம்பாவணியை மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டாக அமைத்தார். அவற்றிலிருந்து மேற்கோள் எழுதுவோர் கம்பனிலிருந்து எழுதுவது போலவே எழுதலாயிற்று.

எண்ணின் ஆட்சி முழுமையாக வந்தது புராட்டஸ்டண்டு வேதாகமத்தோடுதான். 1715-க்குள் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு, பின்னர்ப் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு, பாளையங்கோட்டை ரேனியஸின் திருத்தம், இடையன்குடிக் கால்டுவெல்லும் சேர்ந்துழைத்த குழுவில் பவர் முடித்து 1871-இல் வந்த பதிப்பு என்று அடுத்தடுத்து வந்த வேதாகமங்களால், அதிகாரம் இன்னது, வசனம் இன்னது என்று சொல்லும் பழக்கம் நாசரேத்துப் பள்ளிச் சிறுவன் வரையில் பரவியது. ஆலயத்தில் வாசிப்பவர் நூலையும் அதிகாரத்தையும் வசனத்தையும் முறையே அறிவிக்க, நூறு கைகள் ஒரே இடத்தைத் திறக்கின்றன. பாட்டை மனனம் செய்யாத ஏழை உழவனும் பனையேறியும், பிரசங்கியார் சொன்னது மெய்தானா என்று தாமே பார்த்தறியக் கூடிய நிலை இதனால் உண்டாயிற்று. இதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஆயினும் எண் பொதுவாக இருந்தால்தான் அது வழிகாட்டும். தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பரதவரும் புராட்டஸ்டண்டாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தபோது, தாவீதின் சங்கீதங்களுக்கு இரண்டு எண்கள் வழங்கின. எபிரேயப் பிரதியில் ஒன்பதும் பத்தும் தனித்தனிச் சங்கீதங்கள். கிரேக்கப் பிரதியும் அதன் வழிவந்த லத்தீன் பிரதியும் அவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டன. ஆகவே, கடவுளை மேய்ப்பராகப் பாடும் சங்கீதம் புராட்டஸ்டண்டாருக்கு இருபத்துமூன்று, கத்தோலிக்கருக்கு இருபத்திரண்டு. தாவீது மனங்கசிந்து இரக்கம் வேண்டும் சங்கீதம் அவர்களுக்கு ஐம்பத்தொன்று, இவர்களுக்கு ஐம்பது. லத்தீன் பிரதியில் பாட்டின் தலைப்புரையும் வசனமாக எண்ணப்பட்டமையால் சிலவற்றில் வசன எண்ணும் பிறழும். இறுதியில் இரு சாராருக்கும் சங்கீதம் நூற்றைம்பதாகவே முடிவது, நடுவே வேறோரிடத்தில் பிரித்துச் சரிக்கட்டியதால். கத்தோலிக்கக் குருமார் அந்த இரக்கப் பாடலை எண் சொல்லாமல் மிசெரேரே என்ற லத்தீன் முதற்சொல்லாலேயே குறித்து வந்தது எவ்வளவு விவேகமான வழக்கம் என்பது இப்போது புலப்படும்.

எண் பிறழ்வு நூலோர்க்கு மட்டும் உரிய சங்கடமாக நிற்கவில்லை. 1542-இல் கரைக்கு வந்த சவேரியார், விசுவாசப் பிரமாணத்தோடு பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்ப்பித்து, கரையோர ஊர்களில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிப் பாடஞ் சொன்னார். கத்தோலிக்க முறையில் அந்நிய தெய்வங்களையும் விக்கிரகங்களையும் பற்றியவை ஒரே கட்டளை. இச்சையைப் பற்றியது இரண்டாகப் பிரியும். ஆங்கிலிக்கன் சபை முன்னதைப் பிரித்துப் பின்னதைச் சேர்க்கும். எனவே கொலை செய்யாதிருத்தல் மணப்பாட்டில் ஐந்தாம் கட்டளை, சில நாழிகை வழியிலுள்ள மெய்ஞ்ஞானபுரத்தில் ஆறாம் கட்டளை. தரங்கம்பாடி லுத்தரன் சபையார் இதில் கத்தோலிக்கரோடு சேர்ந்து எண்ணுவர் என்பது மேலும் ஒரு விசேஷம். ஆறாம் கட்டளையை மீறினான் என்று ஒருவனைப் பற்றி எழுதப்பட்ட கடிதம், எழுதியவன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்று தெரியாதவரையில், கொலையைக் குறிக்குமா விபசாரத்தைக் குறிக்குமா என்று சொல்ல இயலாது.

நம் குறளுக்கும் இத்தகைய நிலைமை உண்டு என்பதைத் தூத்துக்குடியார் ஒருவரே நமக்கு நன்கு காட்டினார். கப்பல் கம்பெனியால் நாடறிந்தவரும், 1908-இல் இராஜத்துரோகத்துக்குரிய 124-அ பிரிவால் தண்டிக்கப்பட்டவருமான வ.உ. சிதம்பரம் பிள்ளை, சிறையிலிருந்து வெளிவந்தபின் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பரிமேலழகர் உரை ஒன்றே பெருவழக்காயிருந்த அக்காலத்தில் அது ஒரு துணிவான செயல். மணக்குடவர் அதிகாரங்களுக்குள் குறள்களை வைத்த வரிசை வேறு. அதிகாரப் பெயர்களும் சிற்சில இடங்களில் வேறு. மக்கட்பேறு என்று அவர் கொண்டதைப் பரிமேலழகர் புதல்வரைப் பெறுதல் என்கிறார். ஆகவே ஒரு குறளை எண்ணால் மட்டும் சுட்டுவோர் தாம் எந்த உரையாசிரியரின் வரிசையைக் கொண்டவர் என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர். பிள்ளையவர்கள் மேலும் ஒருபடி சென்று, கடவுள் வாழ்த்து முதலிய மூன்று அதிகாரங்கள் வள்ளுவர் வாக்கல்ல என்றும் கருதினார். அக்கொள்கையை ஏற்பது ஏற்காதது ஆராய்ச்சியாளர் பொறுப்பு. ஏற்றால் குறள் எண் ஒவ்வொன்றும் முப்பது இடம் முன்னே நகர்ந்துவிடும். அதிகாரப் பெயரையும் குறளின் முதற் சீரையும் எழுதியவருடைய மேற்கோள் அப்போதும் தன் இடத்தை விட்டு அசையாது. சட்டப் பிரிவின் எண்ணே தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு மனிதர், நூலில் எண் நிலையற்றது என்பதற்குச் சான்று தந்தது கருதத்தக்கது.

ஆகவே வாக்கியத்துக்குள் இடம் சுட்டும்போது, பெயரை முதலில் முழுமையாகச் சொல்லி, எண்ணை அதற்குத் துணையாக நிறுத்துவதே தக்கது என்பது என் துணிபு. யோவான் மூன்று பதினாறு என்று வாய்ப்பேச்சில் சொல்வது பழகியோர் நடுவே பொருந்தும். பலருக்காக எழுதுகிறவன் யோவான் சுவிசேஷத்து மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமுவோடு பேசுமிடத்தில் என்று எழுதினால், வேதத்தை அறியாத வாசகனும் அந்த இராப்பேச்சின் நடுவே வந்து நிற்பான். எண் தேவையானவர்க்கு அதுவும் கிடைக்கும்.

அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகளார் செப்பஞ்செய்து தர, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் மீண்டும் வெளியிட்டது. முத்துக்கரையில் அச்சான நூல் முந்நூற்றெண்பது ஆண்டுக்குப்பின் முத்துக்கரையிலிருந்தே திரும்ப வந்தது. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் கூடிச் செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எபிரேய எண்ணையே மேற்கொண்டமையால், மேய்ப்பரின் சங்கீதம் இப்போது தூத்துக்குடிக் கத்தோலிக்கரின் பனிமய மாதா கோயிலிலும் இருபத்துமூன்று என்றே வாசிக்கப்படுகிறது. அதற்கு முந்திய கத்தோலிக்க நூல்களைப் பயன்படுத்துவோர் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பத்துக் கட்டளைகளின் எண்ணோ இன்றுவரை ஒன்றாகவில்லை. மணப்பாட்டுச் சிறுவனும் மெய்ஞ்ஞானபுரத்துச் சிறுவனும் வெவ்வேறாகவே அவற்றை எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள்.